கமரா இல்லாத கமரா அண்ணை

பலெர்மோவில் வாழ்ந்த தமிழர்களிலேயே அமெரிக்க அரசியலைக் கரைத்துக் குடித்தவர் கமரா அண்ணை ஒருவர்தான். அவர் குடித்தது வேறு ஏதோ என்று பிறகுதான் தெரிய வந்தது. அதற்குள் எங்கள் அறையில் இருந்த எல்லாரும் ஆளுக்கொரு கிளாஸ் குடித்து முடித்திருந்தோம்.

பெயரைக் கேட்டதும் கல்யாண வீடுகளில் படம் பிடிக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். புதிதாக வந்திறங்கிய சனம் எல்லாம் அப்படித்தான் நினைத்தது. ஒரு முறை, பெண்பிள்ளை பெரியவளான சடங்குக்கு, சாமத்திய வீட்டார் ஆளைத் தேடிப் பிடித்து அழைத்துப்போய், பிள்ளை இருந்த மணவறைக்கு முன்னால் நிறுத்தி, "அண்ணை, தொடங்குங்கோவன்" என்றார்கள். அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு வாழ்த்துரையைத் தொடங்கினார். அவர் முடித்தபோது சோறு ஆறிப் போயிருந்தது, பிள்ளை தூங்கிப் போயிருந்தாள். படம் ஒன்றும் இல்லை.

அண்ணைக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அவர் வாழ்நாளில் பிழை விட்டதே இல்லை. அதாவது, விட்டதாக ஒத்துக்கொண்டதே இல்லை. மொன்றியாலேயில் தெரிந்தவர் வீடு குடிபுகுகிற அன்று, வேட்டி சால்வையோடு, நிறைகுடம் வைக்கக் குடமும் தேங்காயும் கையுமாகப் புறப்பட்டவர், மொந்தெல்லோ போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார். இரண்டு ஊரும் 'மொ'வில் தொடங்கினால் மனிதன் என்னதான் செய்வான்? மொந்தெல்லோ என்றால் கடற்கரை. உடம்பெல்லாம் எண்ணெய் பூசி வெயில் காய்கிற கூட்டத்துக்கு நடுவில் பட்டு வேட்டியோடு நின்றவரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்? இஞ்சை எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

"கடலடியிலை நிக்கிறன்."

"பிழையான பஸ்ஸிலை ஏறிட்டியளோ?"

"ஆர் சொன்னது? குடத்துக்குக் கடல் தண்ணி எடுக்க வந்தனான்."

அன்று அந்த வீட்டு நிறைகுடத்தில் உண்மையாகவே உப்புத் தண்ணீர்தான் இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றக் குடத்தை நிரப்பிக்கொண்டு, வழியெல்லாம் பஸ்ஸில் சிந்திச் சிந்தி வந்து சேர்ந்தார். கடல் தண்ணீர் வைத்தால் வீட்டுக்கு நல்லது என்று வீட்டுக்காரருக்கு விளக்கமும் சொன்னார். அவர்களும் தலையாட்டினார்கள்.

அந்தக் காலத்தில் அண்ணையோடு சேர்த்து நாங்கள் நாலு பேர் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், நிலத்தளத்தில், ஓர் அறையில் இருந்தோம். இத்தாலியனில் அறைக்குக் காமெரா என்று பெயர். இந்த ஊருக்கு வருகிற எங்கள் ஆட்கள் முதலில் படிக்கிற சொற்களில் அதுவும் ஒன்று. வேலை எங்கே, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எப்போது, காமெரா கிடைக்குமா என்ற மூன்றையும் கேட்கத் தெரிந்தால் பலெர்மோவில் பிழைத்துக்கொள்ளலாம்.

அண்ணைக்கு வேலை லிபெர்த்தாவில். பணக்காரத் தெரு, மூன்றாம் மாடி, தொண்ணூறை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு சின்யோரா, வீட்டுக்கார அம்மா. காலையில் போய் மாலையில் வருவார். அந்த வீட்டு விறாந்தையில், மீசையும் தொப்பியுமாக ஒருவருடைய பெரிய படம் தொங்கியது. சின்யோராவின் தாத்தா. இளம் வயதில் கப்பலேறி அமெரிக்கா போய், ஆளாகி, கடைசிக் காலத்தில் திரும்பி வந்தவர். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சின்யோரா அவருடைய கதையை எடுப்பார். அண்ணை பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பார். தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழுந்தது பாதி, அதில் விளங்கியது இன்னும் கொஞ்சம் குறைவு.

சின்யோரா சொன்னது இது. தாத்தா அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் 'காமெரா தெயி ரப்பிரெசெந்தாந்தி'யில் இருந்தவர். அது பிரதிநிதிகள் சபை. எங்கள் நாட்டுக் கணக்கில் மாகாண சபை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காமெரா பாஸ்ஸா, அதாவது கீழ்ச்சபை. பிறகு தேர்தலில் வென்று காமெரா அல்த்தா, மேற்சபை. எந்த மாநிலம் என்று சின்யோரா தெளிவாகச் சொல்வார். அண்ணையின் வாயில் அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெயராக வரும்.

அண்ணைக்கு விளங்கியது வேறு. காமெரா என்றால் அறை. ரப்பிரெசெந்தாந்தே என்றால், வியா மக்வேதா தெருவில் எங்கள் ஆட்களின் கடைகளுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாதிரிச் சாமான் காட்ட வருகிற விற்பனைக்காரன். பிரதிநிதிக்கும் அவனுக்கும் இத்தாலியனில் ஒரே பெயர். அண்ணை இரண்டையும் கூட்டிப் பார்த்தார். அன்று மாலை கட்டிலின் ஓரத்தில் குந்திக்கொண்டு எங்களுக்குச் செய்தி சொன்னார். தாத்தாவை எங்கள் ஊரில் பேரனார் என்போம்.

"தம்பி, அந்த மனிசியின்ரை பேரனார் எங்கடை ஆக்கள் மாதிரியெடா."

"எப்பிடி அண்ணை?"

"அமெரிக்காவுக்குப் போய், சாமான் விக்கிற பெடியளோடை ஒரு அறையிலை கிடந்தவராம். முதல் கீழறை. ஈரமெண்டா அப்பிடி ஈரமாம்."

"ஈரமெண்டும் அவ சொன்னவவோ?"

"கீழறை எண்டா ஈரம்தானே. அதை வேறை சொல்லோணுமோ? கஷ்டப்பட்டு முன்னேறி, பேந்து மேலறைக்குப் போனவராம்."

நாங்கள் அண்ணாந்து, பூஞ்சணம் பிடித்த எங்கள் முகட்டைப் பார்த்தோம். ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. அமெரிக்கா போனவனும் அறைவாசிதான் என்று கேட்க மனதுக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்தது.

கிழமைக்குக் கிழமை, படத்திலிருந்த பெரியவரின் சரித்திரம் வளர்ந்தது. அவர் ஒரு முறை காலையில் தொடங்கி இருட்டும்வரை இருக்காமல் நின்றபடியே பேசினாராம். "இருக்க ஒரு கதிரை குடுக்கேல்லைப் பாத்தியோ, சனியனுகள்" என்று அண்ணை பல்லைக் கடித்தார். பிறகு தேர்தலில் தோற்று அவருடைய 'செஜ்ஜோ' போயிற்று என்று சின்யோரா சொன்னாராம். செஜ்ஜோ என்றால் சபையில் இருக்கிற ஆசனம். "கடைசியிலை இருந்த ஒரு கதிரையையும் பறிச்சுப் போட்டாங்களடா" என்று சொல்லிவிட்டு அண்ணை அன்று சாப்பிடாமலே படுத்துவிட்டார். அரசியல்வாதிகளைக் கதிரைப் பைத்தியங்கள் என்று திட்டித் திட்டியே வளர்ந்த யாழ்ப்பாணத்தார் நாங்கள். கதிரை போயிற்று என்று கேட்டபிறகும் எங்கள் மண்டையில் தட்டவில்லை.

பெரியவர் சட்டம் கொண்டுவந்தவர் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் அறைக்கும் சட்டம் வந்தது. அவர் தம்முடைய அறையில் இருந்த விற்பனைக்காரருக்குச் சட்டம் போட்டவர் என்றுதான் அண்ணை எடுத்துக்கொண்டார். பிந்தி வருகிறவன் சத்தமில்லாமல் சாப்பிட வேண்டும். முதலில் எழும்புகிறவன் தேத்தண்ணி போட வேண்டும். எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு. "பெரியவர் கை தூக்கச் சொல்லித்தான் எல்லாம் செய்தவர். தூக்குங்கோடா" என்பார். அண்ணை சொதிப் பிரியர்; மஞ்சளும் தேங்காய்ப்பாலும் விட்ட அந்தக் குழம்பு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. எல்லா நாளும் சொதி வைக்கலாம் என்று பிரேரணை கொண்டுவருவார். அவருடைய கை மட்டும் மேலே போகும். தேங்காய்ப்பாலைக் குடித்துக் குடித்து வயிறு வீங்கிப் போயிருந்த நாங்கள் மூன்று பேரும் கையைப் போர்வைக்குள் வைத்திருப்போம். "பெரியவரும் இப்பிடித்தான் தனிச்சு நிண்டவர்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, அண்ணை எழுந்து போய்ச் சொதியை வைப்பார். தோற்றுப்போன சட்டத்தை உடனுக்குடன் அமுலாக்கிய சபை அது ஒன்றாகத்தான் இருக்கும்.

குட்டு உடைந்தது ஒரு கோடையில். சின்யோராவுக்கு மின்விசிறி வாங்கிக்கொண்டு, அண்ணைக்குத் துணையாக நானும் போனேன். நான் பின்னேர வகுப்பில் முறையாக இத்தாலியன் படித்தவன். சின்யோரா படத்தைக் காட்டி, தாத்தாவின் தேர்தல், சபை, மேடைப்பேச்சு எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். எனக்கு முதலில் வியர்த்தது, பிறகு சிரிப்பு முட்டியது. மின்விசிறியைப் பூட்டுகிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவாறு வெளியே வந்து, படிக்கட்டில் அண்ணையைப் பிடித்தேன்.

"அண்ணை, அது அறையில்லை, சபை. பேரனார் எம்.பி. மாதிரி ஒரு ஆள்."

"எம்.பி. எண்டா அறையிலை இருக்கமாட்டாரோ? றோட்டிலையோ படுக்கிறது?"

"மற்றவையும் சாமான் விக்கிற ஆக்கள் இல்லை. சனத்தின்ரை பிரதிநிதியள்."

"தம்பி, நீ வகுப்பிலை இருந்து படிச்சனி. நான் மனிசியோடை இருந்து படிச்சனான். பேசாமல் போ."

நான் அறையில் போய்க் கதையை உடைக்க, அந்தக் கிழமையே அவர் ஊருக்கெல்லாம் கமரா அண்ணை ஆகிவிட்டார். தமிழில் அது படம் பிடிக்கிற பெட்டி, இத்தாலியனில் அறை, சின்யோரா வீட்டில் சட்டசபை. மூன்றில் எதுவும் அண்ணையிடம் சொந்தமாக இல்லை. கூப்பிட்டால் மட்டும் ஓம் என்று திரும்பிப் பார்ப்பார்.

பிறகு சின்யோராவுக்குத் தனியே இருக்க ஏலாமல் போக, அண்ணை அந்த வீட்டிலேயே தங்கிப் பார்க்கத் தொடங்கினார். அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். மூன்றாம் மாடி என்றபடியால், "நான் காமெரா அல்த்தாவுக்குப் போறன்" என்று அறிவித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களிடம் வருவார். மனிசிக்கு மறதி கூடிக்கொண்டு போகிறது என்பார். தாத்தாவின் கதையைத் தொடங்கி நடுவில் விட்டுவிடுவாராம். விட்ட இடத்திலிருந்து அண்ணை சொல்வாராம். எந்தக் கதையைச் சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். பொத்தான் விற்கிறவன், குடை விற்கிறவன், பல்லுப் பசை விற்கிறவன் என்று பெரியவரின் அறைவாசிகளுக்கு ஆளும் தொழிலும் உண்டாகிவிட்டன. மழை நாளில் ஒருவரும் வியாபாரத்துக்குப் போக முடியாமல் இருக்க, பெரியவர் தொப்பியைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு எல்லாருக்கும் சமைத்துப் போடுவாராம். சின்யோரா கைகொட்டிச் சிரிப்பாராம். நேற்றுச் சொன்னதையே இன்றைக்கும் புதிதாகக் கேட்பாராம்.

வில்லங்கம் சின்யோராவின் தம்பி மகன் வடிவில் வந்தது. நல்ல உடுப்பு, நல்ல சப்பாத்து. வருகிற நேரமெல்லாம் மாமியைப் பார்க்காமல் சுவர்களைப் பார்ப்பான். ஐந்து காமெரா, எல்லாவற்றுக்கும் பல்கனி. உல்லாசப் பயணிகளுக்கு அறை அறையாக விட்டால் ஓகோ என்று போகும். மாமிக்குப் புத்தி மாறிவிட்டது, ஊருக்கு வெளியே உள்ள முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டுத் எல்லாப் பொறுப்பையும் தனக்கே தரவேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்டுவிட்டான். நீதிபதி வீட்டுக்கே வந்து சின்யோராவோடு கதைத்துப் பார்த்து முடிவு சொல்வார் என்றார்கள்.

அண்ணை எங்கள் அறைக்கு வந்து, கதிரை காலியாக இருந்தும் இருக்காமல் நின்றார். வேலையும் போகும், படுக்கையும் போகும். அவர் அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

"அங்கை அவவுக்கு ஆரடா கதை சொல்லுறது?" என்றார். "நீயும் ஒருக்கா வா. அந்தப் பெரிய இத்தாலியன் உனக்குத்தான் விளங்கும்."

போனேன். நீதிபதி, கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்த ஓர் அம்மா. மருமகன் ஒரு பக்கம், அண்ணையும் நானும் வாசற்கதவோடு. சின்யோராவுக்கு அண்ணை காலையிலேயே தலை வாரி இழுத்து, நல்ல சட்டை போட்டுவிட்டிருந்தார். என்ன கிழமை என்று கேட்க, சின்யோரா பிழையாகச் சொன்னார். என்ன மாதம் என்பதைச் சரியாகச் சொன்னார். ஆட்டம் சமநிலையில் நின்றபோது மருமகன் முன்னுக்கு வந்து, "தாத்தாவைப் பற்றிக் கேளுங்கள், அப்போது தெரியும்" என்றான்.

சின்யோராவின் இத்தாலியனை எங்கள் தமிழிலேயே தருகிறேன், அதுதான் எனக்குக் காதில் கேட்கிறது.

"என்ரை தாத்தா அமெரிக்காவிலை ஒரு கீழறையிலை இருந்தவர்" என்று தொடங்கினார். "சரியான ஈரம். சாமான் விக்கிற ஆக்களோடை. ஒருத்தன் பொத்தான், ஒருத்தன் குடை. மழை பெய்தா குடைக்காரன் மட்டும் வெளியிலை போவான். மற்றவைக்குத் தாத்தா சமைப்பார். மஞ்சள் நிறத்திலை ஒரு சூப். தேங்காய்ப்பால் விட்டது."

நீதிபதி தலையிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். மருமகனுடைய முகத்தில் வெளிச்சம். "பாருங்கள், சட்டசபையில் இருந்தவரைப் பற்றி இப்படிச் சொல்கிறார். தேங்காய்ப்பாலாம்!" என்றான். அண்ணை வைத்த சொதி அண்ணையின் தலையிலேயே கொட்டப் போகிறது என்று தெரிந்துவிட்டது. அவரைத் திரும்பிப் பார்த்தேன். கடலடியில் நின்றபோதும் அசையாத மனிதர் ஓர் அடி முன்னுக்கு வைத்தார்.

"சின்யோரா பிழை இல்லை" என்றார், உடைந்த இத்தாலியனில். "நான் பிழை. காமெரா... நான் கட்டில் போடுற அறை எண்டு நினைச்சனான். ரப்பிரெசெந்தாந்தி, பெட்டி தூக்கிற ஆக்கள் எண்டு நினைச்சனான். நான் சொல்லிச் சொல்லித்தான் அவ அப்பிடிச் சொல்லுறா. சூப் என்ரை. ஓ ஸ்பல்யாத்தோ இயோ. பிழை விட்டது நான்."

'பிழை விட்டது நான்' என்ற வாக்கியத்தை அவர் எந்த மொழியிலும் சொல்லி நான் கேட்டதில்லை. சின்யோரா சிரிக்கத் தொடங்கினார்.

"அம்மா," என்றார் நீதிபதியைப் பார்த்து, "எனக்கு மறதி கிடக்கு, ஓம். கிழமை தெரியேல்லை. என்ரை தாத்தா ஆரெண்டு தெரியாதோ? கீழ்ச்சபையிலை இருந்தவர். பேந்து மேற்சபை. கைவண்டியிலை பழம் விக்கிற சனத்தைப் பொலிஸ் விரட்டக்கூடாதெண்டு ஒரு சட்டம் கொண்டுவந்து, நாள் முழுக்க நிண்டு கதைச்சவர். சட்டம் தோத்துப்போச்சு. வண்டிக்காரர் எல்லாம் வெளியிலையிருந்து வந்த சனம், அவையளுக்கு வோட்டு இல்லை. அடுத்த தேர்தலிலை தாத்தாவும் தோத்துப்போனார்."

பிறகு மருமகன் பக்கம் திரும்பினார். "நீ சட்டசபை எண்டு சொன்னாய். அவர் கொண்டுவந்த சட்டம் என்னெண்டு உனக்குத் தெரியுமோ? இப்ப நான் சொல்லித்தான் தெரியும்."

மருமகன் சுவரைப் பார்த்தான். அது அவனுக்குப் பழக்கம்தானே.

"திரும்பி வந்த தாத்தா சாப்பாட்டு மேசையிலையும் தொப்பி கழட்டமாட்டார். ஒருத்தரோடையும் கதைக்கமாட்டார். சின்னப்பிள்ளையிலை எனக்கு அவரெண்டாப் பயம்" என்றார் சின்யோரா. "இவர் வந்து கதை சொல்லத் தொடங்கினாப் பிறகுதான் அவர் தொப்பியைக் கழட்டினவர். நாலு பேரோடை இருந்து சாப்பிட்டவர். இந்த வயசிலை, ரெண்டு தாத்தாவிலை எவர் வேணுமெண்டு நான் எடுக்கக்கூடாதோ?"

நீதிபதி எதையோ எழுதினார். கூட்டி முடித்த அறை மாதிரி வீடு திடீரென்று வெளிச்சமாகிப் போனது. அண்ணை மூக்கை உறிஞ்சிக்கொண்டு கோப்பி போட அடுப்படிக்குள் போனார். சில நாட்களில் முடிவு வந்தது. சின்யோரா தன் வீட்டிலேயே இருக்கலாம், அண்ணையும் கூட இருக்கலாம்.

நீதிபதி வந்துபோன அன்று, அண்ணை என்னை வழியனுப்பப் படி இறங்கும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கடைசியிலை பிழையெண்டு ஒத்துக்கொண்டியள், என்ன அண்ணை?" என்றேன்.

"ஆர் ஒத்துக்கொண்டது?"

"நீங்கள்தான். நீதிபதிக்கு முன்னாலை."

"அது இத்தாலியனிலை சொன்னது. தமிழிலை நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சின்யோரா அந்த வீட்டில், தன் கட்டிலில், கதை கேட்டபடிதான் கண்ணை மூடினார். மருமகன் நினைத்ததைச் சாதித்தான். இப்போது அங்கே பயணப்பெட்டிகளை உருட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் வந்து போகிறார்கள். பெரியவரின் படத்தை வாசலில் அழகுக்கு மாட்டியிருக்கிறானாம். அண்ணையை மகள் கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். அமெரிக்காவுக்கு இவ்வளவு கிட்டப் போய்விட்டாரே, இனி இன்னும் என்னென்ன சரித்திரம் வருமோ என்று நாங்கள் பகிடி விட்டோம். அவர் போன பிறகு அறை அறையாக இல்லை. பகிடி விடவும் ஆள் இல்லை.

போன கிழமை தொலைபேசி எடுத்தார்.

"எங்கை அண்ணை இருக்கிறியள்?"

"மகள் வீட்டிலை. நிலத்துக்குக் கீழை ஒரு அறை. காமெரா பாஸ்ஸா."

"ஈரமோ?"

"கீழறை எண்டா ஈரம்தானே." பிறகு சொன்னார்: "தம்பி, இண்டைக்குச் சொதி வைக்கலாமோ எண்டு கேட்டனான். மகள், மருமகன், பேரப்பிள்ளையள் ஒருத்தரும் கை தூக்கேல்லை. நீ என்ன சொல்லுறாய்?"

எங்கள் பழைய அடுப்படியில் நான் தனியாக நின்றுகொண்டிருந்தேன். கையைத் தூக்கினேன். தொலைபேசியில் அது தெரியாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"தூக்கிட்டியோ?"

"ஓம் அண்ணை, தூக்கிட்டன்."

இத்தனை வருடத்தில் அவருடைய சொதிக்கு நான் போட்ட முதல் வோட்டு அது. அவர் அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்கும்வரை நான் கையை இறக்கவில்லை.